ஃபுல் டவர், கால் மட்டும் போகாது: வேலூர் நெட்வொர்க் மாற்ற நாட்குறிப்பு

மே 5, 2025, திங்கள்

மொபைல் டவர்களில் மேம்பாட்டுப் பணி நடக்கிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். எவர் செய்தாலும் வேலையின் வரிசை ஒன்றுதான், கோளாறின் வரிசையும் ஒன்றுதான். சத்துவாச்சாரி, காகிதப்பட்டறை, காட்பாடி காந்தி நகர் என்று எங்கே கேட்டாலும் ஒரே பேச்சு: "இன்னாபா, ஃபுல் டவர் காட்டுது, கால் மட்டும் போவ மாட்டேன்து."

முதல் வேலை, போனின் மூலையில் நிற்கும் குச்சிகளை நம்புவதை விடுவது. எந்த அளவுக்கு எத்தனை குச்சி என்பதைப் போன் கம்பெனிகள் தங்கள் வசதிக்கு வைத்துக்கொள்கின்றன. அசல் எண்ணைப் பார்க்க ஆண்ட்ராய்டில் *#*#4636#*#* அடித்து 'போன் இன்ஃபர்மேஷன்' திறக்கவும். சில போன்களில் இது திறக்காது. அப்போது நெட்மான்ஸ்டர் செயலி போதும். ஐபோனில் *3001#12345#* அடித்து கால் பட்டனை அழுத்த வேண்டும்.

பார்க்க வேண்டியவை மூன்று. ஆர்.எஸ்.ஆர்.பி. என்பது டவரிலிருந்து வந்து சேரும் பலம்: மைனஸ் 80 சுகம், மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 110-க்குக் கீழே வீட்டுக்குள் பேசுவது கஷ்டம், மைனஸ் 120 என்றால் போனைப் பையில் போட்டுவிடலாம். 10 டெசிபல் இறங்கினால் பலம் பத்தில் ஒரு பங்கு. எஸ்.ஐ.என்.ஆர். என்பது இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு நிற்கிறது என்பது: 20-க்கு மேல் அருமை, 0-க்குக் கீழே போனால் எத்தனை குச்சி இருந்தாலும் வீண். மூன்றாவது ஆர்.எஸ்.ஆர்.க்யூ.: மைனஸ் 10 நல்லது, மைனஸ் 15-ஐத் தாண்டினால் டவரில் கூட்டம், அல்லது பக்கத்து டவரின் தொல்லை.

மே 6, செவ்வாய்

மேலே என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் பாதி எரிச்சல் குறையும். மீதிப் பாதி கூடும்.

ஒரு டவரில் பெரும்பாலும் மூன்று முகம், அதாவது மூன்று திசை பார்க்கும் ஆன்டெனாக்கள், ஒவ்வொன்றும் 120 பாகை. பழைய ஆன்டெனாவையும் அதன் ரேடியோ பெட்டியையும் இறக்கி, பல அலைவரிசைக்கும் பொதுவான புதியதை ஏற்றுகிறார்கள். மாடி டவர் என்றால் ஒன்றிரண்டு நாள் வேலை. அந்த நேரத்தில் அந்த முகம் செத்துக் கிடக்கும், பக்கத்து டவர் தூரத்திலிருந்து தாங்கும். இது ஊருக்கே தெரிந்த தடங்கல், தானே சரியாகிவிடும்.

தெரியாத தடங்கல் 900 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. ஒரு நிறுவனத்திடம் அந்த அலைவரிசையில் 6.2 மெகாஹெர்ட்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 5-ஐ 4ஜிக்குக் கொடுத்தால் 2ஜிக்கு மிஞ்சுவது 1.2. ஒரு 2ஜி சேனலுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். ஆக, ஆறே சேனல். மூன்று முகத்துக்கும் பிரித்தால் முகத்துக்கு இரண்டு. சேனலுக்கு 8 இடம் என்றால் 16. அதில் ஒன்றிரண்டு கட்டுப்பாட்டு வேலைக்குப் போய்விடும். பதினாலு பேர் பேசினால் பதினைந்தாவது ஆளுக்கு இடமில்லை.

"நான் 4ஜியில்தானே இருக்கிறேன், எனக்கென்ன?" என்று கேட்கலாம். குரல் 4ஜியில் போக வோல்ட்டி (VoLTE, 4ஜி வழியே பேசும் வசதி) பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத போன், கால் போடும் அந்த நொடியில் 2ஜிக்கு இறங்கும். அங்கே இடமில்லை. 'ஃபுல் டவர், கால் போகாது' என்பதன் பொதுவான காரணம் இதுதான். சோதிக்க: அதே 4636 திரையில் மூன்று புள்ளியைத் தொட்டு 'ஐ.எம்.எஸ். சர்வீஸ் ஸ்டேட்டஸ்' பார்க்கவும். 'ரெஜிஸ்டர்டு' என்று இல்லாவிட்டால் சிம் அமைப்பில் வோல்ட்டியை அணைத்துப் போட்டு, ஏரோப்ளேன் மோடை 10 நொடி வைத்து எடுக்கவும். அப்படியும் வராவிட்டால் சிம் பழைய 3ஜி சிம்மா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கிய சில போன்களில் இங்குள்ள நிறுவனத்துக்கான வோல்ட்டி அமைப்பே இருக்காது; சிம் மாற்றிப் பயனில்லை.

லாங்கு பஜாரில் சில கடைகளின் யு.பி.ஐ. சவுண்ட் பாக்ஸ் ஊமையானதும் இதே கதை. உள்ளே இருப்பது 2ஜி மோடம் என்றால் பெட்டியைத்தான் மாற்ற வேண்டும்.

மே 8, வியாழன்

காந்தி நகரில் ஒரு டவரில் வேலை முடிந்தது. முடிந்த பிறகுதான் மோசம். டவருக்கு 200 மீட்டர் வடக்கே பலம் மைனஸ் 76, ஆனால் கால் அறுகிறது.

இப்படி இருந்தால் சந்தேகப்பட வேண்டியது கேபிள் குறுக்கே மாறியதை. 4ஜியில் ஒவ்வொரு முகத்துக்கும் பி.சி.ஐ. என்று ஒரு அடையாள எண் உண்டு, 0 முதல் 503 வரை. பெரும்பாலும் மூன்று முகத்துக்கும் அடுத்தடுத்த எண் தருவார்கள். 120, 121, 122 என்று வைத்துக்கொள்ளலாம். செயலியைத் திறந்து வைத்து டவரை ஒரு சுற்று நடந்தால் வடக்கே 120, தென்கிழக்கே 121, தென்மேற்கே 122 என்று வரிசையாக வர வேண்டும். வடக்கே 121-உம் தென்கிழக்கே 120-உம் வந்தால் இரண்டு கேபிளை மாற்றிச் சொருகியிருக்கிறார்கள். போனுக்குச் சிக்னல் பலமாகத்தான் கிடைக்கும். ஆனால் வடக்கே போகிறவனை எந்த டவருக்குக் கைமாற்றுவது என்று கணினி தெற்குப் பக்கக் கணக்கில் தேடிக்கொண்டிருக்கும்.

எந்த டவர் என்று அறிய செல் ஐ.டி. எண்ணை 256-ஆல் வகுக்கவும். உதாரணத்துக்கு 26755093 என்றால் ஈவு 104512, அது டவரின் எண். மீதி 21, அது முகத்தின் எண். புகாரில் எழுத வேண்டியது இந்த இரண்டும்தான். 'எங்க தெருவுல டவர் இல்ல' என்று எழுதினால் அது வாடிக்கையாளர் சேவை மேசையைத் தாண்டாது.

மே 9, வெள்ளி

பாலாற்றுப் பாலம். விருதம்பட்டில் தொடங்கிய கால் பாலத்தின் நடுவில் அறுந்து, புதிய பேருந்து நிலையம் நெருங்கும்போது மறுபடி டவர் பிடிக்கிறது. நாலு முறை போனாலும் அதே இடம். பலம் இருந்தும் ஒரே இடத்தில் அறுந்தால் காரணம் பெரும்பாலும் பக்கத்து டவர் பட்டியல், அதாவது நகரும் போனை யாரிடம் கைமாற்றலாம் என்று டவர் வைத்திருக்கும் பட்டியல். புதிய ரேடியோ வந்ததும் முகங்களின் எண்கள் மாறுகின்றன. ஆற்றுக்கு அந்தப் பக்க டவர் இன்னும் பழைய எண்களையே பக்கத்து வீடாக நினைத்துக்கொண்டிருக்கிறது. தானே கற்றுக்கொள்ளும் வசதி இப்போதைய கருவிகளில் உண்டு, அதைப் போட்டுவிட்டால் சில நாளில் சரியாகும்.

பாலத்துக்குத் தனியாக இன்னொரு நோயும் இருக்கிறது. ஆறு வெட்டவெளி. தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, இரு கரையின் டவர்களும் தடையில்லாமல் கேட்கும். ஐந்தாறு டவர் ஒரே பலத்தில் கேட்டால் எதுவும் தெளிவாகக் கேட்காது. மைனஸ் 82 பலம், எஸ்.ஐ.என்.ஆர். வெறும் 1. இதற்கு மருந்து இன்னொரு டவர் அல்ல, இருக்கிற ஆன்டெனாவை இரண்டு மூன்று பாகை கீழே சாய்ப்பது.

மே 10, சனி

கிறிஸ்டியான்பேட்டைப் பக்கம்: உள்ளூர் முகம் அணைந்திருந்தபோது போன்கள் சித்தூர்ப் பக்க டவரைப் பிடித்தன. அது ஆந்திர வட்டம், அதாவது வேறு தொலைத்தொடர்பு எல்லை. டேட்டா ரோமிங் அணைத்து வைத்திருந்தால் குச்சி நிறையக் காட்டும், நெட் சுத்தமாக வராது. ரோமிங்கைப் போட்டால் தீர்ந்தது.

மே 12, திங்கள்

கத்திரி வெயிலில் மின்சாரமும் போனால் என்ன ஆகும் என்று இன்று பார்த்தாயிற்று. டவரின் பேட்டரி 48 வோல்ட். 600 ஆம்பியர் மணி என்றால் கொள்ளளவு 28.8 கிலோவாட் மணி. பழைய சுமை 3 கிலோவாட் என்றால் காகிதக் கணக்கில் 9 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். 5ஜி பெரிய ஆன்டெனா ஒவ்வொன்றும் முழு வேலையில் ஒரு கிலோவாட்டை ஒட்டி இழுக்கும். மூன்று முகத்துக்கு மூன்று சேர்ந்து சுமை 6 ஆனால், 5 மணிகூடத் தாங்காது. ஈய பேட்டரி 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது பழைய கணக்கு. வேலூர் மேமாத மொட்டைமாடியில் என்ன மிஞ்சும்? ஆன்டெனாவுக்குச் செலவு செய்தவர்கள் பேட்டரியைத் தொடவில்லை. மின்சாரம் போய் ஒரு மணி நேரத்தில் டவர் அணைந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

2300 மெகாஹெர்ட்ஸிலும் 5ஜியின் 3300-க்கு மேலுள்ள அலைவரிசையிலும் இன்னொரு விஷயம். அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில், நேரம் பிரித்து நடக்கிறது. எல்லா டவரும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். மைக்ரோ நொடி அளவுக்குத் துல்லியம். அந்த நேரத்தைத் தருவது ஒரு சின்ன ஜி.பி.எஸ். ஆன்டெனா, உள்ளங்கை அளவு. அதன் கேபிளை வேலை நடுவில் இழுத்துவிட்டால் அந்த ஒரு டவர் தப்பான நேரத்தில் கத்தி, சுற்றியுள்ள நாலு டவரின் காதையும் அடைக்கும். கோளாறு ஓரிடத்தில், புகார் வேறிடத்தில்.

மே 15, வியாழன்

வைகாசி 1, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. மைனஸ் 78, ஆர்.எஸ்.ஆர்.க்யூ. மைனஸ் 17. பலத்துக்குக் குறைவில்லை, கூட்டம்தான். 10 மெகாஹெர்ட்ஸ் 4ஜியின் உச்சம் சுமார் 75 எம்.பி.பி.எஸ்.; அது ஒரு முகத்தில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் நேரலை போட்டால் ஆளுக்குக் கிடைப்பது கணக்கில் வராது. இதை மேம்பாட்டுப் பணியின் தலையில் கட்டக் கூடாது. இந்த மாதிரி நாளில் வீடியோவை விட்டுவிட்டுப் பேச மட்டும் செய்யலாம். வோல்ட்டி குரலுக்கு வரிசையில் முன்னிடம் உண்டு.

மே 17, சனி

வீட்டில் பிராட்பேண்ட் இருப்பவர்களுக்கு வைஃபை காலிங் போதும். ஆனால் சிலருக்கு அது பதிவாவதில்லை. வைஃபை வழி வரும் கால் நிறுவனத்தின் வாசலுக்குப் பூட்டிய குழாயில் போகிறது. அதற்கு ரவுட்டரில் யு.டி.பி. 500, 4500 இரண்டு போர்ட்டும் திறந்திருக்க வேண்டும். ரவுட்டர் அமைப்பில் 'ஐ.பி.செக் பாஸ்த்ரூ' அணைந்திருந்தால் போடவும். வி.பி.என். செயலி ஓடினால் நிறுத்தவும். இரண்டு சிம் போன்களில் சிலவற்றில் ஒரு சிம்மின் குரல் இன்னொரு சிம்மின் டேட்டா வழியாகப் போகும் வசதி இருக்கிறது, 'பேக்கப் காலிங்' என்ற பெயரில். பிராட்பேண்ட் இல்லாதவர்களுக்கு இதுதான் கை கொடுக்கும்.

5ஜி வந்து வந்து போனால், நெட்வொர்க் வகையை 4ஜிக்கு மாற்றி வைக்கவும். பல இடத்தில் 5ஜி 4ஜியின் தோளில்தான் நிற்கிறது. தோள் ஆடும்போது ஏறி நிற்பதில் பொருளில்லை. பேட்டரியும் மிச்சம்.

சிக்னல் பூஸ்டர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். உரிமம் இல்லாமல் வைப்பது சட்டவிரோதம் என்பது ஒன்று. அது போன் அனுப்புவதோடு தன் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவரின் காதில் ஊற்றும். ஒரு மாடி பூஸ்டர் ஒரு தெருவையே ஊமையாக்கும்.

மே 20, செவ்வாய்

புகார் செய்யும் முறை. 198-க்கு அழைத்தால் புகார் எண் தர வேண்டும். வாங்காமல் போனை வைக்காதீர்கள். சொல்ல வேண்டியது: தேதி, நேரம், இடம், டவர் எண், முகம், பி.சி.ஐ., மூன்று அளவு. தீராவிட்டால், புகாரைத் தீர்க்க வேண்டிய கெடு முடிந்த 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. அடுத்த கதவு தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர்ப்புப் பிரிவு.

மே 22, வியாழன்

பொறுமை போய், எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு: 'போர்ட்' (PORT) என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் வரும் குறியீடு நம்மூரில் 4 நாள் செல்லும். மாறிக்கொள்ள 3 வேலை நாள். இங்கே இரண்டு பொறி இருக்கிறது. தொலைந்த அல்லது பழுதான சிம்முக்கு மாற்று வாங்கியிருந்தால் 7 நாள் குறியீடு கிடைக்காது. மாற்று சிம் உயிர்பெற்ற முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். நிறுத்தி வைக்கப்படும், வங்கி ஓ.டி.பி. வராது. கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாளில் சிம் மாற்றாதீர்கள்.

போகும் முன் எதிர் நிறுவனத்தின் சிம்மை யாரிடமாவது வாங்கி, உங்கள் படுக்கையறையில் வைத்து எண்ணைப் பாருங்கள். அங்கேயும் மைனஸ் 112 என்றால் மாறி என்ன லாபம்?

மே 24, சனி

காந்தி நகர் டவரில் கேபிளைச் சரி செய்துவிட்டார்கள். வடக்கே 120 வருகிறது. பாலத்தில் கால் அறுபடவில்லை, எஸ்.ஐ.என்.ஆர். 6. சத்துவாச்சாரி மைனஸ் 88, எஸ்.ஐ.என்.ஆர். 14. வேலூர் சைதாப்பேட்டை மலையடிவாரத்தில் மட்டும் இன்னும் மைனஸ் 117. நடுவில் நிற்பது கருங்கல் மலை. இந்தப் பக்கம் ஒரு ஆன்டெனா வைக்கிறவரை அந்த எண் அசையாது.