ஹோண்டா சிட்டி 1.5, பிஸ்டன் ஊறவைத்தல்: நான்கு சுற்று முடிந்தும் மூன்றாவது சிலிண்டர் அடைப்பு விடவில்லை

பிஸ்டனில் இறுகிய கரியைக் கரைக்க, ஸ்பார்க் பிளக் துளை வழியாகத் தின்னர் ஊற்றி இரவு முழுக்க விடுவதுதான் ஊறவைத்தல். 1, 2, 4 ஆகிய சிலிண்டர்களில் ஊற்றியது சொட்டு மிச்சமில்லாமல் வடிந்துவிட்டது. மூன்றாவதில் 40 மி.லி. ஊற்றி 12 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 27 மி.லி. நிற்கிறது. முதல் சுற்றில் 34 நின்றது. நான்கு சுற்றுக்கு வெறும் 7 மி.லி. முன்னேற்றம்.

வண்டி 2010 ஐ-விடெக், மேனுவல் கியர். வாங்கியபோது 1000 கி.மீ.க்கு 900 மி.லி. ஆயில் குடித்தது. பார்த்த மெக்கானிக்குகள் எல்லோரும் "போர் போயிடுச்சு, எஞ்சினை இறக்கிடலாம்" என்றார்கள் (போர் என்றால் பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்). கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் எழும் அழுத்தம், பார்த்தால் நான்கும் ஒரே அளவில் நிற்கிறது. அந்த அழுத்தக் கேஜ் பிஸ்டனில் மேலே இருக்கும் இரண்டு ரிங்குகளின் நிலையைத்தான் சொல்லும். அவற்றுக்குக் கீழே இருக்கும் ஆயில் ரிங் பள்ளத்தில் வார்னிஷும் (ஆயில் காய்ந்து படிந்த பிசின்) கரியும் இறுகி, பள்ளத்தின் வடிகால் துளைகள் அடைத்துக்கொண்டால் கம்ப்ரஷன் குறையாது, ஆயில் மட்டும் குறையும். வால்வு கவரைக் கழற்றி உள்ளே எவ்வளவு பழுப்பு என்று பார்ப்பதும் இதற்கு உதவாது. ஊற்றியதில் எவ்வளவு வடிந்தது என்ற அளவு ஒன்றுதான் அந்தத் துளைகளின் நிலையைச் சொல்கிறது.

வடசென்னை வண்டிகளுக்கு இது வர நியாயமான காரணம் உண்டு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஊர்ந்தால் மீட்டர் ஓடாது, எஞ்சின் மட்டும் ஓடும். சராசரி 20 கி.மீ. வேகத்தில் 10,000 கி.மீ. என்றால் ஆயில் 500 மணி நேரம் கொதித்திருக்கிறது. பைபாஸில் 60-ல் ஓடிய வண்டிக்கு அதே தூரம் 167 மணி நேரம்தான். இரண்டுக்கும் ஒரே கிலோமீட்டர் கணக்கில் ஆயில் மாற்றுவது தப்பு. இங்கே ஓடும் வண்டிக்கு 5,000 தாண்டவே கூடாது.

இனி ஊறவைக்கும் வேலை. பிஸ்டன் நான்கையும் ஒரே உயரத்தில் நிறுத்த வேண்டும்: முதல் சிலிண்டர் உச்சியிலிருந்து கிராங்க் 90 டிகிரி. நீளமான ஸ்ட்ரா நான்கை நான்கு பிளக் துளையிலும் விட்டால் சமமாக நிற்கிறதா என்று தெரிந்துவிடும். போர் விட்டம் 73 மி.மீ., பரப்பு ஏறத்தாழ 42 சதுர செ.மீ. 40 மி.லி. ஊற்றினால் பிஸ்டன் தலைமேல் ஒரு செ.மீ. உயரம்கூட வராது. அந்த நிலையில் ஏதோ ஒரு வால்வு திறந்துதான் இருக்கும். ஆனால் பிஸ்டன் 4 செ.மீ.க்கு மேல் கீழே இறங்கி இருப்பதால் திரவம் வால்வு வரை எட்டாது. சமதளத்தில் நிறுத்துவது முக்கியம். வண்டி சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் ரிங் நனையும், மறுபக்கம் காய்ந்தே கிடக்கும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. பிஸ்டன் உச்சிக்கு வந்தால் மிஞ்சும் இடமும் கிட்டத்தட்ட அதே 40 மி.லி.தான். பிளக்கை மாட்டிவிட்டு மறந்து ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். உறிஞ்சி எடுக்காமல் செல்ஃபைத் தொடவே கூடாது. சுற்று முடியும்வரை பேட்டரி நெகட்டிவ் கழற்றியே இருக்கட்டும்.

உறிஞ்சுவதற்கு மருந்துக்கடை பிளாஸ்டிக் சிரிஞ்சை வாங்கிப் பிரயோஜனம் இல்லை. தின்னர் பட்டதும் பிஸ்டன் ரப்பர் ஊதி, இரண்டாவது இழுப்பிலேயே சிக்கிக்கொள்ளும். ஸ்டான்லி ஆஸ்பத்திரிப் பக்கம் சர்ஜிகல் கடைகளில் 50 மி.லி. கண்ணாடி சிரிஞ்ச் கேளுங்கள். குழாயிலும் இதே பிரச்சினை. பிவிசி டியூப் தின்னரில் முதலில் தொளதொளவென்று ஆகி, காய்ந்ததும் குச்சி மாதிரி விறைத்து உள்ளேயே முறிய வாய்ப்புண்டு. பாலிஎத்திலீன் குழாய்தான் தாங்குகிறது. அளவு சரியாக வர, ஊற்றியதும் பிளக்கைக் கையால் மாட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஆவியாகிப் போனதையும் வடிந்ததாகக் கணக்கு வைப்போம்.

திரவம்: முதல் இரண்டு சுற்று டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) பெயின்ட் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டைக் கரைப்பது) மட்டும். அடுத்த இரண்டும் மூன்று பங்கு தின்னர், ஒரு பங்கு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்). வெறும் அசிட்டோனில் ஏ.டி.எஃப். கலக்காது, பிரிந்து நிற்கும். தின்னரில் டொலுவீன் இருப்பதால் சேர்ந்துகொள்கிறது. மண்ணெண்ணெய், டீசல் இரண்டும் கசடைக் கரைக்கும். வார்னிஷ் வேறு பொருள், அதை அசைக்க இதுபோன்ற கரைப்பான் வேண்டும். எஞ்சின் கை பொறுக்கும் சூடு வரை ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். திறந்த வெளி, தின்னர் தாங்கும் கையுறை, பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது.

காலையில் மிச்சத்தை உறிஞ்சி அளந்து எழுதிவிட்டு, காயில், இன்ஜெக்டர் கனெக்டர்கள் கழற்றிய நிலையில், பிளக் துளைமேல் பழந்துணி போட்டு ஐந்து விநாடி செல்ஃப். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 மி.லி. எஞ்சின் ஆயில். தின்னர் போரைத் துடைத்துவிட்டிருக்கும், காய்ந்த போரில் ஓடினால் கோடு விழும். ஸ்டார்ட் செய்யும் முன் சம்ப் (எஞ்சின் அடித்தொட்டி) ஆயிலை இறக்கியே ஆக வேண்டும். நான்கிலும் சேர்த்து 160 மி.லி. தின்னர் 3.6 லிட்டர் ஆயிலில் இறங்கினால் நான்கு சதவீதத்துக்கு மேல். பேரிங்குக்கு ஆகாது.

இறக்கிய ஆயிலைக் கால்வாயில் விட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது படகும் வலையும் பட்ட பாட்டை இந்தப் பக்கம் எல்லோரும் பார்த்தோம். கேனில் சேர்த்துக் கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுக்கலாம்.

சிலர் பிளஷ் என்று இரண்டு லிட்டர் டீசல் ஊற்றி ஓட விடுகிறார்கள். பெயர்ந்த கசடு மொத்தமாக ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைத்தால் எஞ்சினே போய்விடும். இந்த வண்டியில் அதற்கு முன்னால் விடெக் ஸ்பூல் வால்வின் (வால்வுத் திறப்பை மாற்ற ஆயிலைத் திருப்பிவிடுவது) சல்லடை அடைக்கும். மூன்று 10 நம்பர் போல்ட்டுதான், கழற்றிப் பார்த்தபோது பாதிக் கண்ணுக்கு மேல் பழுப்புப் பிசின். ஓ-ரிங் புதிதாகப் போட்டாயிற்று.

லாரி டீசல் எஞ்சின் ஆயில் (சி.கே.-4 தரம், 15டபிள்யூ-40) ஊற்றினால் கழுவிவிடும் என்ற யோசனையும் வந்தது. டிடர்ஜென்ட் அதிகம் என்பது உண்மை. ஆனால் அதில் பாஸ்பரஸ் 0.12 சதவீதம் வரை இருக்கலாம், பெட்ரோல் கார் ஆயிலான எஸ்.பி. தரம் 5டபிள்யூ-30-ல் உச்சவரம்பு 0.08. இது ஆயில் எரிக்கும் எஞ்சின், எரிந்த பாஸ்பரஸ் நேராகப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் படியும். எனவே எஸ்.பி. 5டபிள்யூ-30, 1500 கி.மீ.க்கு ஒருமுறை ஃபில்டரோடு மாற்றுவது. பழைய ஃபில்டரை அறுத்து மடிப்பை விரித்தால் கரித்துகள் குறைகிறதா என்று தெரியும்.

இப்போதைய குடிப்பு 1000 கி.மீ.க்கு 350 மி.லி. மிச்சம் முழுக்க மூன்றாவதுதான் என்று அதன் பிளக்கே காட்டுகிறது: மற்ற மூன்றும் பழுப்பு, இது ஈரக் கருப்பு. ரிச்சி தெருவில் பிளக் துளைக்குள் விடும் 5.5 மி.மீ. குழாய்க் கேமரா வாங்கி, பிஸ்டன் தலையின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஓரம் சுற்றிலும் கழுவினாற்போல் பளிச்சென்று இருந்தால் ஆயில் கீழிருந்து ஏறுகிறது. அப்படியில்லாமல் வால்வுத் தண்டில் கரி தடித்திருந்தால் ஸ்டெம் சீலையும் (தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) சந்தேகிக்கலாம்.

ஐந்தாம் சுற்று மூன்றாவதுக்கு மட்டும், மூன்று நாள். ஐந்தாவது கியரில் போட்டு, முன்னாலிருந்து வண்டியை நாலு விரல் அகலம் தள்ளி இழுத்தால் பிஸ்டன் கொஞ்சம் அசையும், ரிங்கும் பள்ளத்தில் நகரும். அதற்குமேல் தள்ளக் கூடாது, திரவத்தோடு உச்சிக்கு ஏறிவிடும். தினம் இரண்டு முறை. நேற்று மாலை 40 மி.லி. ஊற்றியது, இன்று காலை அளவு 24.