குனியக்கூடாத நாட்கள்

ஜூன் 11
ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தாச்சு. 6 வாரத்துக்குக் குனியக்கூடாது, குடம் தூக்கக்கூடாது. ஆரத்தி வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். அத்தைக்கு வருத்தம்.

ஜூன் 12
திண்ணை நாற்காலியில் உட்கார்ந்தபடியே புல்தரையில் சொட்டை விழுந்த இடங்களை எண்ணினேன். 11.

ஜூன் 14
தூக்கம் இல்லை. காலையில் பழனிச்சாமி வந்ததும், ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிடி வேரோடு பிடுங்கிக்கொண்டு வரச் சொன்னேன். நேற்றைய பேப்பரை டீப்பாயில் விரித்துப் பரப்பினோம். நான்கு வருஷம் முன்பு நர்சரிக்காரர் 'கொரியன் புல்' என்று ஒரே ரகம்தான் கொடுத்தார். இப்போது பேப்பரில் நான்கு ரகம்.

கொரியனைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். ஊசி மாதிரி மெல்லிசு, விறைப்பு, உள்ளங்கையில் குத்துகிறது. கேட் பக்கம் படர்ந்திருப்பது அருகு. தரையோடு கொடி ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டிருக்கிறது. இலை தண்டை விட்டுப் பிரிகிற இடத்தில் பொடிப் பொடியாக வெள்ளை முடி, இவருடைய கண்ணாடியை வாங்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. கதிர் 4, 5 விரலாக விரிந்து, துணி கிழிந்த குடைக்கம்பி மாதிரி.

வேப்பமரத்தடியில் இருந்து வந்தது அகல இலை, நுனி மழுங்கல். இதை இங்கே எல்லா நர்சரியிலும் 'பஃபலோ' என்கிறார்கள். அமெரிக்காவில் அந்தப் பெயரில் இருக்கும் புல்லே வேறு. ஆக்சோனோபஸ் என்ற இதன் தாவரவியல் பெயரைப் பழனிச்சாமியிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "எருமைப்புல்லுன்னே இருக்கட்டுங்கம்மா" என்றார்.

நான்காவதன் தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டினேன். உருளவில்லை. மூன்று பட்டை. கோரை. பார்க்கப் புல், ஆனால் புல் குடும்பமே இல்லை.

ஜூன் 15
ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 16
ரிப்போர்ட் வரவில்லை. ஸ்லைடை இன்னொரு இடத்துக்கும் அனுப்பியிருக்கிறார்களாம். ஏன் என்று கேட்டால் "வழக்கம்தான்" என்கிறார்கள்.

ஜூன் 18
பழனிச்சாமி கோரையை எல்லாம் பிடுங்கிக் குவித்துவிட்டு, "வேரோட எடுத்துட்டனுங்கம்மா" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. களைக்கொத்தைக் கொண்டுவரச் சொல்லி, அரை அடி தோண்டச் சொன்னேன். அந்த அரை அடி மண்ணுக்குள் கறுப்பு மணி கோத்த மாதிரி கிழங்குகள், ஒன்றிலிருந்து நூல்போல ஓடி அடுத்தது. மேலே இழுத்தால் நூல் அறுந்துவிடும். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கிழங்கெல்லாம் அதன்பிறகுதான் முளைக்கும். "இதுதான் வேரோடவா?" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பாவம்.

ஒரு கிழங்கை நகத்தால் கீறி முகர்ந்தேன். பூலாங்கிழங்கோடு சேர்த்து அரைத்து அம்மா எனக்குத் தேய்த்துவிட்ட குளியல் பொடி வாசனை.

கரும்புக்காட்டில் கோரைக்கு ஹேலோசல்ஃப்யூரான் என்ற களைக்கொல்லி அடிப்பார்கள், இலை வழியாக இறங்கிக் கிழங்கு வரை போகும் என்று இவர் படித்துக் காட்டினார். மருந்து வேண்டாம் என்றேன். இப்போதைக்கு அந்தச் சொல்லே வேண்டாம்.

ஜூன் 19
மாடி ஏற விட்டார்கள். மேலிருந்து பார்த்தால் சொட்டை 17. கீழே உட்கார்ந்து பக்கவாட்டில் பார்க்கும்போது புல்லே புல்லை மறைத்துக்கொள்கிறது.

ஜூன் 20
17-க்கும் ஒரே காரணம் இல்லை. இவரை ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் குத்திப் பார்க்கச் சொன்னேன். நடுவில் வெண்ணெயாக இறங்குகிறது. ஸ்கூட்டர் போய்வரும் தடத்தில் ஒரு விரல்கட்டைகூட இறங்கவில்லை. அங்கே வேர் எப்படிப் போகும்? வேப்பமரத்தடியில் மண் சரிதான், வெயில்தான் இல்லை. கொரியனும் அருகும் வெயில் தின்று வளர்கிறவை. நிழலில் மெலிந்து மெலிந்து போய்விட்டன.

நான்கு வட்டங்கள் பக்கத்து வீட்டு நாய் டைகர் மூத்திரம் போன உபயம். நடுவே வைக்கோல் நிறம், ஓரத்தில் மட்டும் கரும்பச்சை வளையம். நடுவில் உப்பும் நைட்ரஜனும் அதிகமாகி எரித்திருக்கிறது, ஓரத்தில் நீர்த்துப்போய் உரமாகியிருக்கிறது.

இன்னும் மூன்று, பிறை பிறையாக. யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு இவரே ஒப்புக்கொண்டார்: நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வருவதற்குள் பச்சையாக்கலாம் என்று மொட்டை வெயிலில் யூரியா வீசியிருக்கிறார், தண்ணீரும் விடாமல். 46 சதவீதம் நைட்ரஜன். கை வீசிய வீச்சு அப்படியே தரையில் கருகிக் கிடக்கிறது. டைகர் செய்தால் கல்லெடுக்கிற மனுஷன்.

திட்டத் தோன்றவில்லை. அந்தப் பிறைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 22
சாரல். போன் அடித்தது. சிலிண்டர் டெலிவரி.

ஜூன் 23
தடத்தைக் கடப்பாரையால் கொத்தி, மக்கிய உரமும் மணலும் கலந்து நிரப்பினார்கள். பிறைகளில் இரண்டு நாளாகத் தண்ணீர் தேங்க விட்டிருந்தோம், யூரியா கரைந்து இறங்கட்டும் என்று. கேட் பக்கத்து அருகை வெட்டி, இரண்டு கணு வருகிற மாதிரி துண்டு போட்டு, நான்கு விரல் இடைவெளியில் ஒரு கணு மண்ணுக்குள் போக நட்டார்கள். நான் நாற்காலியிலிருந்து அதிகாரம் செய்தேன்.

"லான் வாங்கிட்டு அருகம்புல் நடறதா?" என்றார் இவர். ஒரே ரகமாக இருந்தால்தான் அழகாம். வேப்பமரத்தடிக்கு எருமைப்புல்லே இருக்கட்டும் என்றேன், வாழ்கிற இடத்தில் வாழ்ந்துவிட்டுப் போகட்டும். அத்தை என் கட்சி. "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடின்னு சொல்லித்தானே அம்மிணி உனக்கு அட்சதை போட்டோம்" என்றவர், சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஜூன் 26
எதுவும் எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 27
புல் வெட்டுகிறவர் போன தடவை மொட்டையடித்த மாதிரி வழித்துவிட்டுப் போனார். இனி உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் கூலி கிடையாது என்று சொல்லிவிட்டேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஜூலை 1
பழனிச்சாமி ஒரு துண்டை மெதுவாகக் கிளப்பி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கணுவில் வெள்ளையாக, அரிசி முளை அளவுக்கு ஒரு வேர். திரும்ப நடச் சொன்னேன். கோரையும் நாலைந்து இடத்தில் தலைகாட்டியிருக்கிறது. களைக்கொத்தோடுதான் வந்திருந்தார், நான் சொல்லாமலே.

ஜூலை 3
நாளை 11 மணிக்கு இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஆள் வந்தால் போதாதா என்று கேட்டேன், வந்துடுங்க என்றார்கள். பழனிச்சாமிக்குச் சாவி எங்கே வைப்பது என்று எழுதி ஒட்ட வேண்டும். புது நடவுக்குக் காலையிலேயே தண்ணீர். பூவாளியால், ஹோஸ் வேண்டாம்