ஏஎஸ்ஆர்பி நெட்: ஒரு கொண்டைக்கடலை ரகத்தை வைத்துப் படித்த அனுபவம்

புதிய பயிர் ரகங்களை உருவாக்கும் துறையில், வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் (ஏஎஸ்ஆர்பி) நடத்தும் நெட் என்ற தகுதித் தேர்வை எழுதுபவர்கள் பெரும்பாலும் எந்தப் பயிரின் மரபணுத் தொகுதி எந்த ஆண்டு வெளியானது என்ற பட்டியலைத்தான் உருப்போடுகிறார்கள். அதிலிருந்து ஓரிரு கேள்விகள் வரலாம், அவ்வளவுதான். நான் ஒரே ஒரு ரகத்தின் பிறப்பை முழுமையாகப் படித்தேன்: பூசா சிக்பீ 10216.

முதலில் வயலைப் புரிந்துகொள்ளுங்கள். கொண்டைக்கடலை பெரும்பாலும் மழைக்காலம் முடிந்தபின், மண்ணில் மிஞ்சிய ஈரத்தை நம்பி விதைக்கப்படுகிறது. காய் முற்றும் நேரத்தில் அந்த ஈரம் தீர்ந்துவிடும். ஐசிசி 4958 என்ற வகைக்கு வலுவான, ஆழமான வேர். அதை ஐசிசி 1882 உடன் கலந்து உருவாக்கிய சந்ததிகளை ஆராய்ந்தபோது, நான்காம் பிணைப்புக் குழுவின் (ஒரே குரோமோசோமில் சேர்ந்து கடத்தப்படும் மரபணுக்களின் தொகுப்பு) ஒரு பகுதியில் வறட்சியைத் தாங்கும் பண்புகள் பல குவிந்திருப்பது தெரிந்தது. சில பண்புகளின் மாறுபாட்டில் 58 சதவீதம் வரை அந்த ஒரு பகுதியே விளக்கியது. (இந்தப் பெயர்கள் லாரிப் பதிவெண்கள் போலத்தான் இருக்கும், பழகிவிடும்.)

அந்தப் பகுதியைப் பூசா 372 ரகத்துக்குப் பின்கலப்பு (சந்ததியை மீண்டும் மீண்டும் பூசா 372 உடனேயே கலப்பது) வழியாக மாற்றினார்கள். அப்படிப் பிறந்ததுதான் பூசா சிக்பீ 10216. மதிப்பெண் தரும் இடம் இதுதான். ஒவ்வொரு பின்கலப்பிலும் தாய் ரகத்தின் (இங்கே பூசா 372) பங்கு சராசரியாக 75, 87.5, 93.75 சதவீதம் என ஏறும். வேண்டிய பகுதி வந்திருக்கிறதா என்று ஒரு தொகுதி மார்க்கர்கள் (டிஎன்ஏவில் உள்ள அடையாளக் குறிகள்) பார்க்கின்றன. மற்ற இடங்களில் தாய் ரகம் எவ்வளவு மீண்டிருக்கிறது என்று இன்னொரு தொகுதி. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால், வாடல் நோய் எதிர்ப்புக்காக உருவான சூப்பர் அன்னிகேரி 1 பற்றிய கேள்வியும் எளிதாகிவிடும்.

வெப்பம் வேறு சங்கதி. பூக்கும்போது வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் பாதிக்கப்படும். இங்கே சிறுசிறு விளைவுள்ள மரபணுக்கள் பல சேர்ந்து இயங்குவதால், ஒரு பகுதியை மட்டும் மாற்றிப் பெரிதாகச் சாதிக்க முடியாது. மரபணுத் தொகுதி முழுவதிலும் உள்ள மார்க்கர்களைக் கணக்கில் கொண்டு நல்ல செடிகளைத் தேர்ந்தெடுக்கும் ஜீனோமிக் தேர்வை இந்தச் சிக்கலோடு சேர்த்துப் படியுங்கள். தனித் தலைப்பாகப் படித்தால் மறந்துபோகும். 2021-ல் 3,366 கொண்டைக்கடலை வகைகளின் மரபணு வரிசை வெளியானதன் பயனும் அப்போது விளங்கும்.

நேரம் மிஞ்சினால் துவரைக்குப் போங்கள். 'ஆஷா' ரகத்திலிருந்து தொடங்கலாம்.