மூன்றாவது தோட்டா

அன்றைக்கு மாலை மணல் வாளிக்கு முன்னால் நின்று எங்கள் காசு வான் காவலாளி துவக்கை வெறுமையாக்கியபோது, குழாயிலிருந்து நாலுக்குப் பதிலாக இரண்டு தோட்டாதான் வந்தது. மற்ற இரண்டையும் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். ஒளிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்து வைப்பது போலத்தான் வைத்தார்.

"இந்த ரெண்டும் ஏன் அண்ணை பொக்கற்றுக்குள்ளை?"

"மூண்டாவது வெடி ஆருக்குத் தம்பி?"

இவ்வளவுதான் நடந்தது. இதற்குப் பிறகு நான் எழுதிய ரிப்போட் ஆறு வரி. அந்த ஆறு வரியைப் பற்றித்தான் இப்போதும் எனக்குள் ஒரு வழக்கு நடக்கிறது. வழக்காளியும் எதிரியும் நானேதான்.

எங்கள் கொம்பனியில் காவலுக்கு நிற்பவர்களில் பாதிப்பேர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். ஆஸ்பத்திரி வீதி வங்கி வாசல்களையும் கஸ்தூரியார் வீதி நகைக்கடை வாசல்களையும் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கையில் பெரும்பாலும் பழைய ஒற்றைக்குழல்தான் இருக்கும். காசு வானுக்கு மட்டும் ஒரு செமி ஓட்டோ சொட்கன் வந்திருந்தது, ஒரு வெடிக்குப் பிறகு அடுத்த தோட்டா தானாக ஏறுகிற துவக்கு. குழலின் அளவு பன்னிரண்டு போர், குழலுக்குக் கீழே குழாய் மகசீன், அதில் நாலு தோட்டா. யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி, கொடிகாமம், நெல்லியடி, பருத்தித்துறை என்று சுற்றி வருகிற வான் அது. அதில் போவதற்கு நாளுக்கு ஒரு சிறு படி உண்டு. அந்தப் படிக்காகவே வானில் போக ஆசைப்படுகிறவர்கள் இருந்தார்கள்.

விதி இதுதான். குழாயில் நாலு, சேம்பர், அதாவது வெடிக்கப் போகிற தோட்டா நிற்கிற அறை, வெறுமை, சேஃப்டி பூட்டியிருக்க வேண்டும். சேம்பரை ஏன் வெறுமையாக விடச் சொல்கிறோம் என்று ஒவ்வொரு புதுக் காவலாளிக்கும் நான் விளக்கியிருக்கிறேன். அநேகமான சொட்கன்களில் சேஃப்டி விசையை மட்டும்தான் தடுக்கும். உள்ளே இருக்கிற சுத்தியலைத் தடுக்காது. வான் ஒரு குழியில் விழுந்து துவக்கு தகரத்தில் மோதினால், விசையைத் தொடாமலே வெடிக்கலாம். அதனால் சேம்பரில் ஒன்றும் வேண்டாம். தேவை வந்தால் எங்கள் துவக்கில் பக்கத்துப் பொத்தானை அமத்தி, போல்ட்டை இழுத்து விட்டால் குழாயிலிருந்து ஒன்று மேலே ஏறும். வெறும் போல்ட்டை மட்டும் இழுத்தால் ஒன்றும் வராது. பயந்த நேரத்தில் அந்தப் பொத்தான் ஞாபகத்துக்கு வருமா என்பது வேறு கதை.

பொத்தானையும் குழாயையும் பற்றி இவ்வளவு கதைக்கத் தெரிந்த எனக்கு, அவருடைய கேள்விக்கு ஒரு பதில் வாயில் வரவில்லை. "பதிவிலை நாலெண்டு கிடக்கு. நான் ரிப்போட் எழுத வேணும்" என்றேன். அவர் "எழுதுங்கோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால் குடியுங்கோ என்பது போலச் சொன்னார்.

என் பக்கத்தில் நியாயம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆயுதம் ஒருவருடைய கையில் இருக்கும்போது அதில் எத்தனை இருக்கிறது என்பது அவருடைய விருப்பத்தில் இருக்கக்கூடாது. அடுத்த முறைக்கு வருகிறவர் நாலு இருக்கிறது என்று நம்பி எடுப்பார். 1900இல் ஜோன் பிரௌனிங் காப்புரிமை எடுத்த செமி ஓட்டோவே குழாயில் நாலு, சேம்பரில் ஒன்று என்ற கணக்கில்தான் வந்தது. நூறு வருஷமாக ஆட்கள் யோசித்து வைத்த கணக்கை ஒரு காவலாளி தன் சட்டைப் பையில் மாற்றுவதா? இப்படித்தான் அன்று இரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே அந்தக் கேள்வி குறுக்கே வந்தது.

ஏனென்றால் அதைக் கேட்டது வேறு ஊர்க்காரர் இல்லை. எண்பதுகளில் எங்கள் வீடுகளில் இருந்த லைசன்ஸ் துவக்குகளுக்கு என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருடைய தகப்பனிடம் வன்னியில் பன்றிக்காவலுக்கு ஓர் இரட்டைக்குழல் இருந்ததாம். இரண்டு வெடிதான். இரண்டிலும் பன்றி விழாவிட்டால் பன்றி போய்விட்டது, விடு என்பார்களாம். அதை அவர் எனக்கு எப்போதோ வானில் சொல்லியிருந்தார்.

சரி, கணக்குப் பார்ப்போம். எங்களுடைய எஸ்.ஜி. தோட்டா ஒன்றில் ஒன்பது ஈயச் சன்னம். நாலு தோட்டா என்றால் 36. நெல்லியடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில், 36 சன்னம் எங்கே போகும்? கள்ளன் ஒருவன், இரண்டு பேர் வருவான். மிச்சம் யாருக்கு? இதை நான் யோசித்தது ரிப்போட்டை அனுப்பி இரண்டு மாதத்துக்குப் பிறகு.

இன்னொன்றும் பிறகுதான் வாசித்தேன். அமெரிக்காவில் 1935இலிருந்து, பருவத்துக்கு வந்து போகும் பறவைகளைச் சுடுகிற சொட்கனில் மொத்தம் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. நாலு, ஐந்து பிடிக்கிற குழாய்க்குள் ஒரு மரத்தடியைச் செருகி இரண்டாகக் குறைத்துவிடுவார்களாம். ஐரோப்பாவில் 1979இன் பேர்ன் உடன்படிக்கையும் மகசீனில் இரண்டுக்கு மேல் பிடிக்கிற செமி ஓட்டோவைப் பறவை வேட்டைக்குத் தடுக்கிறது. ஆக அவர் வைத்திருந்த கணக்கு, வெள்ளைக்காரன் வாத்துக்கு வைத்த கணக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஆனால் நான் எழுத வந்தது இதுவும் இல்லை.

ரிப்போட் போனது. அவரை வானிலிருந்து எடுத்து, ஒரு களஞ்சியத்துக்குத் துவக்கில்லாத இராக்காவலுக்குப் போட்டார்கள். படி போனது. நான் "பதிவுக்கு மாறாக" என்று எழுதியிருந்தேன். பிறகு பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், அதில் "தோட்டா: 4" என்று ஒரு நிரல்தான் இருக்கிறது. எங்கே இருக்க வேண்டும் என்று இல்லை. அவர் காலையில் நாலு வாங்கினார், மாலையில் நாலு தந்தார், இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டார். எட்டு மாதம் ஒரு நாளாவது பொய் எழுதவில்லை. பொய் எழுதியது யார் என்று பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. விதி வேறு தாளில் இருந்தது, அது உண்மைதான். அந்தத் தாளை அவருக்கு வாசித்துக் காட்டியதும் உண்மைதான். என்றாலும்.

அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் பேனாவைப் பிடிக்கிற விதம் நினைவுக்கு வந்தது. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடிப்பார். வலது பெருவிரல் சும்மா நீட்டிக்கொண்டு நிற்கும். அதை எட்டு மாதமாக ஒவ்வொரு காலையும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவருடைய விரலோ காலோ அப்படி இருந்தால் நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் எங்கே போய் முடியும் என்று தெரியாது.

குழாயில் தோட்டா போடுவது முழுக்கப் பெருவிரல் வேலை. துவக்கைக் கவிழ்த்துப் பிடித்து, தோட்டாவின் முன்பக்கத்தை உள்ளே வைத்து, பித்தளை அடியைப் பெருவிரலால் தள்ள வேண்டும். உள்ளே இருக்கிற கொக்கி கிளிக் என்று பிடிக்கும்வரை தள்ள வேண்டும். அதற்கு முன் விட்டால் தோட்டா பின்னால் வழுகி வந்து, தூக்கிவிடும் தகட்டில் குறுக்கே படுத்துவிடும். முதலாவது லேசு. ஒவ்வொன்றும் போகப் போக ஸ்பிரிங் இறுகும். நாலாவதை நானே மூச்சைப் பிடித்துத்தான் தள்ளுவேன். கவனம் பிசகினால் அந்தத் தகடு நகத்தைக் கடித்துவிடும். மடங்காத பெருவிரலோடு மூன்றாவதையும் நாலாவதையும் எப்படிப் போடுவது?

அப்படியென்றால் "மூண்டாவது வெடி ஆருக்கு" என்பது என்ன? நான் இரண்டு மாதமாக இரவும் பகலும் சுமந்துகொண்டு திரிந்த அந்தப் பெரிய கேள்வி, விரல் ஏலாது என்று சொல்ல வெட்கப்பட்ட ஒரு மனிதன் சட்டென்று கண்டுபிடித்த ஒரு சாட்டா? இருக்கலாம். இரண்டுமே உண்மையாகவும் இருக்கலாம். விரல் ஏலாதென்றால் அவர் வானில் போயிருக்கவே கூடாது, அப்போதும் என் ரிப்போட் சரி என்றாகிறது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியை எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் மாரி வந்தது. டிசம்பரில் ஒருநாள் அந்தத் துவக்கை நானே கழற்றித் துப்புரவாக்கினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை. எத்தனை மூன்று மாதம் தவறியது என்று இங்கே எழுதாமல் விடுகிறேன். பண்ணைக் கடல் பக்கத்து உப்புக்காற்றுக்கு இரும்பு என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. குழாயின் மூடியைத் திறந்து ஸ்பிரிங்கை உருவி, டோர்ச் அடித்து உள்ளே பார்த்தேன். பாதித் தூரத்துக்கு மேல் ஒரு வளையமாகத் துரு. ஸ்பிரிங்குக்கும் தோட்டாவுக்கும் நடுவில் போகிற கிண்ணம் அந்த இடத்தில் வந்து பிடித்துக்கொள்கிறது. இரண்டு தோட்டா போட்டால் கிண்ணம் அந்த வளையத்துக்கு இப்பால் நிற்கும். மூன்றாவதைத் தள்ளினால் வளையத்துக்குள் ஏறும். நல்ல பெருவிரலுக்கே கடினம். ஏறினாலும், சுடும்போது கிண்ணம் அங்கேயே மாட்டிக்கொண்டால் பின்னால் இருக்கிற தோட்டாவைத் தள்ளாது. நாலு போட்ட துவக்கு ஒன்றைக்கூடத் தராமல் போயிருக்கலாம். அந்தத் துவக்கில் நம்பக்கூடிய எண்ணிக்கை இரண்டுதான்.

நானும் துருவும் கொஞ்சநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏனென்றால் அவர் சொல்லியிருந்தார். நான் மறந்தே போயிருந்தேன். ரிப்போட்டுக்கு இரண்டு, மூன்று மாதத்துக்கு முன், ஒரு காலை, வான் இரைந்துகொண்டு நிற்கிறது, பருத்தித்துறைக் கிளையிலிருந்து ஒருவர் போனில் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். இவர் பக்கத்தில் வந்து, "தம்பி, குழாய் கொஞ்சம் இறுக்கமாக் கிடக்கு" என்றார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "எண்ணெய் விடுங்கோ அண்ணை" என்றேன். எண்ணெய் எங்கே இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. அது என் லாச்சிக்குள் பூட்டிக் கிடந்தது.

மேலிடத்துக்கு இதை எழுதலாம் என்று இரண்டு தரம் உட்கார்ந்தேன். அதற்குள் அவர் வேலையை விட்டுவிட்டார் என்று தெரிய வந்தது. இனி எழுதி என்ன என்று நினைத்தேன். அது ஒரு காரணமா, சாட்டா என்று கேட்டால், சாட்டுக் கண்டுபிடிப்பதில் அவரைவிட நான் கெட்டிக்காரன்.

போன சித்திரையில் கொடிகாமம் சந்தையில் அவரைக் கண்டேன். மாம்பழம் தெரிவுசெய்துகொண்டிருந்தார், இடது கையால். முகம் மலர்ந்து கதைத்தார். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம். நான்தான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். பெருவிரலைப் பற்றிக் கேட்க வாய் உன்னியது, கேட்கவில்லை.

"அந்தத் துவக்கு இன்னும் கிடக்கோ?"

"கிடக்கு அண்ணை. நான் கழட்டித் துப்புரவாக்கினனான். ஸ்பிரிங்கும் மாத்தியாச்சு."

"இப்ப எத்தினை போடுறியள்?"

"நாலு."

அவர் ஒரு பழத்தை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"லேசாப் போகுதோ?"

"ஓம் அண்ணை. போகுது."

"ம்" என்றுவிட்டு, பழத்தைக் கூடைக்குள்ளேயே திருப்பி வைத்தார்.