மாற்றிக் கொடுத்த கடவுச்சொல்

ஏறத்தாழ எண்பது பேர் வேலை செய்த ஒரு நிறுவனத்தில், கோப்புகளைப் பகிர்வதற்காக எங்கள் சொந்த சர்வரில் நிறுவியிருந்த நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பு பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. திங்கட்கிழமைக் காலைகளில் பெரும்பாலும் கடவுச்சொல்லை மறந்தவர்களின் அழைப்புகளோடுதான் வேலை தொடங்கும். அவர்களில் பலர், பழைய கடவுச்சொல் என்னவென்று பார்த்துச் சொன்னால் போதும் என்பார்கள். அது என் கண்ணுக்கும் தெரியாது என்று நான் சொன்னால் நம்பத் தயங்குவார்கள்.

அந்த எண்ணத்துக்கு ஒரு காலத்தில் இடம் இருந்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் பொதுக் கணினியில் கடவுச்சொற்கள் ஒரு கோப்பில் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தன; 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்குக் கூடுதல் கணினி நேரம் வேண்டி, அந்தக் கோப்பை முழுவதுமாக அச்சிட்டு எடுத்துக்கொண்டார். இன்று சர்வரில் இருப்பது கடவுச்சொல் அன்று, அதிலிருந்து கணக்கிட்ட, திரும்பக் கண்டுபிடிக்க இயலாத ஒரு குறியீடு மட்டுமே. ஆகவே நிர்வாகியால் புதிய கடவுச்சொல்லை வைக்க முடியுமே தவிர, பழையதை அறிய முடியாது. இந்த வேறுபாட்டை நான் பிறருக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது ஒரு தவறுக்குப் பிறகுதான்.

கணக்குப் பிரிவில் மூத்தவராக இருந்த ஓர் அம்மையார் இரண்டு மாத மருத்துவ விடுப்பு முடிந்து திரும்பியபோது, கடவுச்சொல் அவர் நினைவில் இல்லை. நான் கட்டளைத் திரையில் மாற்றத் தொடங்கியதும், குறியாக்கம், அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி கோப்புகளை மாற்றி வைக்கும் முறை, பயன்பாட்டில் இருப்பதால் தரவு இழப்பு ஏற்படும் என்ற எச்சரிக்கை வந்து, தொடரலாமா என்று கேட்டது. வழக்கமாக எல்லாருக்கும் காட்டப்படும் பொது அறிவிப்பு என்று எண்ணி, தொடரச் சொன்னேன். கால் மணி நேரத்தில் அவர் அழைத்தார்: "தம்பி, பேரெல்லாம் தெரியுது, ஆனா ஒரு கோப்பும் திறக்க மாட்டேங்குது."

எனக்கு முன்பு இருந்தவர் அந்த சர்வரில் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனிச் சாவி இருக்கும்படி குறியாக்கத்தை அமைத்திருந்தார். அந்தச் சாவியைப் பூட்டி வைத்திருப்பது பயனரின் கடவுச்சொல்லேதான். நான் வாசற்கதவின் பூட்டை மாற்றிவிட்டேன். உள்ளே இருந்த பெட்டியோ பழைய சாவிக்குத்தான் திறக்கும். பழைய கடவுச்சொல் நினைவிருந்தால், அதையும் புதியதையும் அமைப்புப் பக்கத்தில் கொடுத்துச் சாவியை மீட்டுவிடலாம். அவருக்கோ அதுதான் நினைவில் இல்லை. நாள்தோறும் எடுத்த காப்புநகல் இருக்கிறதே என்று முதலில் ஆறுதல் கொண்டேன். அதில் இருந்த சாவியும் அதே மறந்த கடவுச்சொல்லால்தான் பூட்டப்பட்டிருந்தது என்பதை உணர அன்று மாலை ஆயிற்று.

அவருடைய மேசைக் கணினியில் சர்வரோடு ஒத்திசைக்கப்பட்ட கோப்புறைகளின் நகல்கள் குறியாக்கமின்றி இருந்ததால் பெரும்பகுதி தப்பியது. கைப்பேசியில் படமெடுத்து நேரடியாக ஏற்றிய லாரி வாடகை ரசீதுகள் மட்டும் போயின. அவற்றின் நகல் கேட்டு அவர் ஒரு மாதம் லாரி அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். என்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அது எனக்கு மேலும் கடினமாக இருந்தது.

அதன் பிறகு, பயனர் கடவுச்சொல்லை மறந்தாலும் அவருடைய கோப்புகளைத் திறக்க உதவும், நிர்வாகிக்கான மீட்புச் சாவி வசதியை இயக்கினேன். அதைப் பயனர் ஒவ்வொருவரும் தம் அமைப்புப் பக்கத்தில் ஏற்க வேண்டும். கடவுச்சொல் மறந்த பிறகு ஏற்றுப் பயனில்லை. எனவே மேசை மேசையாகச் சென்று விளக்கினேன். தொலைபேசியில் வரும் வேண்டுகோளை அப்படியே நிறைவேற்றாமல், பதிவேட்டில் உள்ள எண்ணுக்குத் திரும்ப அழைத்து ஆளை உறுதி செய்யவும் தொடங்கினேன். குரலை வைத்து ஒருவருடைய கணக்கை இன்னொருவர் கையில் கொடுத்துவிடும் வாய்ப்பு, கோப்பு இழப்பைவிட எனக்கு அச்சம் தந்தது.

அப்படிச் சென்றபோது பணியாளர் பிரிவின் மேலாளர் ஒருவர் கேட்டார்: "அப்படியென்றால் நீங்கள் நினைத்தால் என் கோப்புகளைத் திறக்க முடியும், இல்லையா?" முடியும் என்றேன். அவரிடம் ஊழியர்களின் மருத்துவச் சான்றுகளும் புகார்க் கடிதங்களும் இருந்தன. சற்று யோசித்துவிட்டு, தமக்கு வேண்டாம் என்றார். கடவுச்சொல் மறந்தால் ஒன்றையும் மீட்க இயலாது என்று நான் மீண்டும் சொன்னபோது, தெரிந்தேதான் சொல்கிறேன் என்றார். அவருடைய காரணம் எனக்குச் சரியாகவே பட்டது. அவருடைய கடவுச்சொல்லை எந்த நிலையிலும் மாற்றக்கூடாது, முதலில் நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று நிர்வாகக் குறிப்பேட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதி, எனக்குப் பின் வந்தவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டுத்தான் பொறுப்பை ஒப்படைத்தேன்.