பேப்பரில் பாதம் வரைந்த பிள்ளைகள்

திருகோணமலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். மூதூர், சம்பூர், வெருகல் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கான உதவிகளைப் பார்ப்பது என் பொறுப்பு. இந்த வேலையில் நான் பெரிதாக நம்புவது, எங்களோடு நிற்கும் இருபது வயதுகூட ஆகாத தொண்டர்களை.

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் கொப்பி, சப்பாத்து விலை தாறுமாறாக ஏறியது. ஒரு கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து கொடுக்க முடிவெடுத்தோம். வயதைப் பார்த்து அளவு போடுவதுதான் அலுவலக வழக்கம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு எங்களோடு சேர்ந்த ஒரு தங்கச்சி, "வயசைப் பார்த்தா கால் வளரும், அண்ணா?" என்று கேட்டாள். பழைய பேப்பர் கட்டோடு கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பிள்ளையைப் பேப்பரில் நிற்க வைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, ஓரத்தில் பெயர் எழுதினார்கள். வளரும் கால்தானே என்று பெருவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டார்கள். வெட்டியெடுத்த அந்தப் பாதங்களோடுதான் கடைக்குப் போனோம்.

மேடை வேண்டாம், பிள்ளைகளை நிரையில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம் என்று சொன்னதும் அவர்கள்தான். சிலர் 2006இல் போரால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். முகாமில் வளர்ந்தவர்களுக்கு நிரை என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இளையோர் தொண்டு என்றதும் பலர் கனடாவின் கிரெய்க் கீல்பர்கரைச் சொல்வார்கள். 1995இல், 12 வயதில், வகுப்புத் தோழர்களோடு சிறுவர் அமைப்பொன்றைத் தொடங்கியவர். நல்ல காரியம்தான். ஆனால் அவரை எழுப்பியது பாகிஸ்தானின் இக்பால் மாசி பற்றிய பத்திரிகைச் செய்தி. கம்பளத் தறியில் கொத்தடிமையாகக் கிடந்து மீண்டு, மற்றப் பிள்ளைகளின் விடுதலைக்காகப் பேசிய சிறுவன் அவன். அதே வருடம் சுட்டுக் கொல்லப்பட்டான். எங்கள் பிள்ளைகளுக்கு நான் முதலில் இக்பாலின் கதையைத்தான் சொல்வேன். ஏழை நாட்டுப் பிள்ளை கை நீட்டி வாங்க மட்டும் பிறந்தவன் இல்லை.

அளவெடுக்கப் போன இடத்தில் இன்னொன்றும் தெரிய வந்தது. பள்ளிக்கூடமே போகாமல் கூலி வேலைக்குப் போகும் பொடியன்கள் சிலர் இருந்தார்கள். எங்கள் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை. அதைப் பள்ளிக்கூடத்தில்தான் எடுத்திருந்தோம். அதற்கு அப்புறம் பெயர் எடுக்கும் வேலையை முழுதாகத் தொண்டர்களிடமே விட்டோம். இப்போது அந்தப் பொடியன்களுக்காகப் பின்னேர வகுப்பு நடத்துகிறார்கள். வேலை முடிந்து வர வசதியான நேரத்தை அவர்களிடமே கேட்டு வைத்திருக்கிறார்கள்.