யார் கையைத் தூக்கினார்கள்?

ஆலங்குளம் பக்கத்திலிருந்து விடுப்புச் சம்பளப் பாக்கிக்காக வந்திருந்த பீடித் தொழிலாளியான ஆச்சி ஒருவரிடம், அவர் வழக்குக்கு அடிப்படையான 1966-ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது என்றும், அதனால் பழைய பாக்கி அழிந்துவிடாது என்றும் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டவர் பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இந்தச் சட்டத்துக்கு நம்ம எம்.பி. சரின்னு சொன்னாவளா, வேண்டாம்னு சொன்னாவளா சார்?"

"குரல் வாக்கெடுப்புதான் நடந்துச்சி. எந்தப் பக்கம் சத்தம் கூடன்னு பாத்து முடிவு சொல்லிருவாவ. பேரு எழுத மாட்டாவ."

"ஒரு கட்டு பீடியச் சரியில்லன்னு கழிச்சாலும் எம் பேருல எழுதுதாவ. நாட்டுக்கே சட்டம் போடுத எடத்துல பேரு எழுத மாட்டாவளா?"

நான் சொன்னதில் பிழையில்லை. பதின்மூன்று பழைய சட்டங்களை ஒன்றாக்கிய அந்தத் தொகுப்பு 2020 செப்டம்பர் 22 அன்று மக்களவையிலும், எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த மாநிலங்களவையில் மறுநாளும் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது. உறுப்பினர்கள் வலியுறுத்தியிருந்தால் பிரிவு வாக்கெடுப்பு நடந்து பெயர்கள் பதிவாகியிருக்கும் என்பதையும் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால், கட்சித்தாவலைத் தடுக்க 1985-இல் அரசியலமைப்பில் சேர்த்த பத்தாவது அட்டவணையையும் சொல்ல வேண்டும். எப்படி வாக்களிப்பது என்று கட்சிக் கொறடா இடும் உத்தரவை மீறினால் பதவியே போகும் என்னும்போது, பதிவாகும் பெயர் தொகுதியின் குரலா, கட்சியின் குரலா என்ற கேள்வி எழும். அவர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான்.

அன்று நான் நாடாளுமன்றத்தின் பக்கமே பேசினேன், இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் பேசுவேன். ஒரு மாநிலம் பீடித் தொழிலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தால் முதலாளிகள் இலையையும் தூளையும் ஏற்றிக்கொண்டு கட்டுப்பாடில்லாத அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டிலிருந்தே சுற்றும் தொழிலுக்கு இயந்திரமும் கட்டடமும் தடையில்லை. அதை நிறுத்தத்தான் நாடு முழுவதற்குமாக 1966-இல் சட்டம் வந்தது. சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ உட்கார்ந்து எவ்வளவு நல்ல சட்டம் எழுதினாலும் அது செங்கோட்டை எல்லையோடு நின்றுவிடும். இதைச் சொன்னபோது அவர் தலையசைத்தார். ஒப்புக்கொண்டாரா, கேட்ட கேள்விக்கு இது பதிலில்லை என்று விட்டுவிட்டாரா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

விவாதம் இருந்தால் நல்ல சட்டம் வரும் என்ற என் நம்பிக்கையும் பீடிச் சட்டங்களைப் பார்க்கும்போது தடுமாறுகிறது. பீடித் தொழிலாளர் நலத் தீர்வைச் சட்டமும் நல நிதிச் சட்டமும் 1976 ஏப்ரலில், நெருக்கடிநிலையில், எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தபோது வந்தவை. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கான மருத்துவமனையும் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் அந்த நிதியின் வழியில் வந்தவைதான். சரக்கு மற்றும் சேவை வரிக்காக அந்தத் தீர்வையை 2017-இல் நீக்கியதோ, யாரும் சிறையில் இல்லாத நாடாளுமன்றம். உதவித்தொகை நிற்கவில்லை, ஆனால் இதற்கென்றே வசூலான பணத்திலிருந்து வந்தது, இப்போது வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் தொகையாகிவிட்டது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நெருக்கடிநிலைக்கு நற்சான்று எழுத எனக்கு மனமில்லை, எழுதவும் கூடாது. அன்று கேள்வி கேட்க ஆளில்லாததால் விரைந்து வந்த நன்மை போலவே, கேள்வி கேட்க ஆளில்லாமல் தீமையும் வந்ததே.

2020 தொகுப்பும் ஆராயப்படாமல் வந்தது என்று சொல்லிவிட முடியாது. அதன் 2019-ஆம் ஆண்டு வடிவத்தை நாடாளுமன்ற நிலைக்குழு ஆராய்ந்து அறிக்கை கொடுத்திருந்தது. அதன்பின் திருத்திய மசோதா செப்டம்பர் 19 அன்று அறிமுகமாகி நான்கே நாளில் ஈரவையும் கடந்தது. பின்பு 2025 நவம்பர் 21 வரை நடைமுறைக்கு வராமல் கிடந்தது. நிறைவேற்றியது நாடாளுமன்றம், எப்போது உயிர் கொடுப்பது என்று முடிவெடுத்தது அரசு. ஐந்தாண்டு காத்திருக்க முடிந்த சட்டத்துக்கு அவையில் இன்னும் ஐந்து நாள் கொடுத்திருக்க முடியாதா என்று கேட்டால், சட்டம் தெரிந்தவன் என்ற முறையில் என்னிடம் நடைமுறை விளக்கங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் ஆச்சியிடம் சொல்லத் துணியமாட்டேன்.

அவருடைய மனுவில் பீடிக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த கணக்குப் புத்தகத்தின் நகலையும் இணைத்திருக்கிறேன். கழித்த கட்டுகள் உட்பட எல்லாம் தேதிவாரியாக அவர் பெயரில் இருக்கின்றன. விசாரணை இன்னும் முடியவில்லை.